ஒன்பது பாடமும் ஒரு கோட்டும்

பல் வைத்தியம் படிக்கக் கையும் வேண்டும் என்பது இருபத்திரண்டு வயதுவரை எனக்குத் தெரியாது. தலை இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். என் தலையைப் பற்றி அந்தக் காலத்தில் எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது. இப்போதும் அது முற்றாகப் போய்விடவில்லை. முடிதான் போய்விட்டது. அதனால் தலையைப் பற்றிப் பேசுவதைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பாரிஸின் லாச்சப்பலில் இரண்டாம் மாடி அறையொன்றில் மூன்று பேர் இருந்தோம். ஜன்னலுக்கு நேரே மெத்ரோவின் மேம்பாலம். ரயில் வந்தால் பேச்சை நிறுத்துவோம். போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவோம். இந்தப் பழக்கம் வெளியிலும் ஒட்டிக்கொண்டது. அமைதியான வகுப்பறையிலும் நான் வசனத்தின் நடுவில் நிறுத்தி, வெளியே பார்த்துவிட்டு, பிறகு தொடருவேன். அதை ஆழ்ந்த சிந்தனை என்று எடுத்துக்கொண்ட பேராசிரியர்கள் உண்டு. நான் மறுக்கவில்லை.

அறையில் மூத்தவர் அண்ணை. நாற்பது வயது, உணவகமொன்றில் சமையற்காரருக்கு உதவியாள். மற்றவன் என் வயதுக்காரன், தமிழ்க் கடையொன்றில் அரிசி மூட்டை அடுக்குபவன். உறவு ஒன்றுமில்லை, இருந்தாலும் நாங்கள் ஒருவரையொருவர் மச்சான் என்றே கூப்பிட்டோம். இவர்களோடு ஒரு கோட்டும் இருந்தது. கனடாவுக்குப் போன ஆறடி மனிதர் ஒருவர் விட்டுச் சென்ற கறுத்தக் கோட்டு. விசா புதுப்பிக்க, கலியாண வீட்டுக்குப் போக, ஊருக்கு அனுப்பப் படம் எடுக்க என்று எல்லாவற்றுக்கும் அதுதான். ஊரில் எங்கள் வீடுகள் அயலில் இருந்தன. மூன்று பிள்ளைகளும் ஒரே கோட்டுக்குள் நிற்பதை யாரும் கண்டுபிடிக்கக்கூடாது என்பதற்காக ஆளுக்கொரு கழுத்துப்பட்டி வைத்திருந்தோம்.

நான் பல்கலைக்கழகத்தில் உயிரியல் மூன்றாம் ஆண்டு, அதாவது பட்டத்தின் கடைசி ஆண்டு. வாரத்தில் நாலு பின்னேரம் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலுணவுக் கடையில் வேலை. அரை நேரம் வேலை செய்யப் பத்திரம் இருந்தது. முதல் ஆண்டு கோப்பை கழுவினேன். அடுத்த ஆண்டு, கோப்பைகளை உடைப்பதைக் குறைக்கும் நோக்கத்தோடு முதலாளி என்னைச் சிப்பி திறக்க மாற்றினார்.

ஊரில் மருத்துவத்துக்குப் புள்ளி போதாதவர்களுக்குப் பல் மருத்துவம் கிடைக்கும். எனக்கு அதற்கும் நாலு புள்ளி போதவில்லை. அந்த நாலு புள்ளியைத் தேடித்தான் பாரிஸ்வரை வந்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இங்கே பல் மருத்துவத்துக்கு முன்வாசல் ஒன்று இருந்தது. மருத்துவ முதலாண்டில் சேர்ந்து, பெருங்கூட்டத்தோடு போட்டிப் பரீட்சை எழுத வேண்டும். என் பிரெஞ்சு அந்தக் கூட்டத்தில் நசுங்கிப்போயிருக்கும். பக்கவாசலும் ஒன்று இருந்தது. விஞ்ஞானப் பட்டம் முடிக்கிறவர்களுக்கென்று ஒரு பல் மருத்துவப் பீடம் சில இடங்களை ஒதுக்கியிருந்தது. விண்ணப்பம், டிசம்பரில் ஒரு நேர்முகம், அதில் தப்பினால் மார்ச்சில் இன்னொன்று. ஒருவர் ஒரு தடவைதான் முயலலாம். எனக்கான தடவை அந்த ஆண்டு. கிடைத்தால் பல் வைத்தியன். கிடைக்காவிட்டால் உயிரியல் தெரிந்த சிப்பி திறப்பாளன்.

இனிப் பாடங்களுக்கு வருகிறேன்.

அப்போது பல்கலைக்கழகத்தில் பாடங்களை நாங்களே பொறுக்கி எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 'யூவே' என்று பெயர். பட்டத்துக்கு அந்த ஆண்டு ஆறு யூவே போதும். விரும்பினால் ஒன்பதுவரை எடுக்கலாம். பதிவுத் தாளில் ஒன்பது பெட்டி. முதல் ஆறையும் ஐந்து நிமிடத்தில் நிரப்பினேன். மிச்சம் மூன்று பெட்டி வெறுமையாக என்னைப் பார்த்தன.

யாழ்ப்பாணத்தில் படித்தவனுக்கு வெறும் பெட்டி என்றால் என்னவென்று மற்றவர்களுக்கு விளங்கப்படுத்துவது கடினம். எங்கள் ஊரில் இரசாயனத்துக்கு மட்டும் மூன்று ரியூசன் போவோம். ஒருவரிடம் சேதனம், இன்னொருவரிடம் அசேதனம், மூன்றாமவரிடம் முதல் இருவரும் சொல்லித் தந்ததை மீட்பது. இரண்டு ரியூசனுக்குப் போகிறவனைப் பார்த்துப் பாவம், வீட்டில் கவனிப்பில்லை என்பார்கள். கெட்டிக்காரன் என்றால் கூட எடுத்தவன்.

ஆறு மட்டும் எழுதிய தாளை அறையில் காட்டியதும் அண்ணை கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"இதென்னடா, கீழை மூண்டு காலியாக் கிடக்குது?"

"ஆறு காணுமாம் அண்ணை."

"ஆருக்குக் காணும்? பல்லுப் பீடத்திலை உன்ரை தாளோடை வேறை ஆக்களின்ரை தாளும் கிடக்கும். ஒருத்தன் ஒம்பது எடுத்திருப்பான். நீ ஆறோடை போய் நிண்டு என்ன சொல்லப்போறாய், எனக்கு இவ்வளவுதான் ஏலும் எண்டோ?"

மச்சான் பாயில் படுத்தபடி சொன்னான்: "ஒம்பது எடுத்தா எப்ப படிக்கிறது? இப்பவே மெத்ரோவிலை நிண்டுகொண்டு நித்திரை கொள்ளுறான்."

"நீ கதையாதை. நீ ஓ-லெவலே ரெண்டு தரம் எடுத்தனி."

"அதுதானண்ணை சொல்லுறன். எனக்குத்தான் அனுபவம்."

ரயில் வந்தது. பேச்சு நின்றது. ரயில் போவதற்குள் நான் மூன்று பெட்டியையும் நிரப்பிவிட்டேன். கடலியல், மண்ணியல், பாசியியல். கடலியலைப் பெயரின் கம்பீரத்துக்காக எடுத்தேன். மண்ணியல் திங்கட்கிழமை காலை இடைவெளியில் சரியாகப் பொருந்தியது. பாசியியல் பட்டியலில் கடைசிப் பாடம். கல்லிலும் மதிலிலும் வெல்வெட் போலப் படரும் பச்சைப் பாசியைப் பற்றி ஒரு முழு ஆண்டு. அதை யாரும் எடுப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். யாரும் எடுக்காத ஒன்றை எடுத்தவனாக நேர்முகத்தில் நிற்பது நன்றாக இருக்கும் என்று பட்டது.

பதிவு அலுவலக ஜன்னலில் ஒரு பெண்மணி இருந்தார். நாற்பத்தைந்து வயது, கழுத்தில் சிறிய தங்கச் சிலுவை, யாரையும் பார்த்துச் சிரிக்காத முகம். இரண்டு ஆண்டுகளாக அவரோடு பிரெஞ்சில் மட்டுமே பேசியிருக்கிறேன். மார்த்தினிக் என்கிற பிரெஞ்சுத் தீவுக்காரர் என்று நானே முடிவு செய்திருந்தேன். அவர் தாளை வாங்கினார். விரலால் பெட்டிகளை எண்ணினார்.

"அடப்பாவி, ஒம்போதா!" என்றார்.

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். வேறு யாரும் இல்லை.

"நீங்க தமிழா?"

"பாண்டிச்சேரி. அத விடு. உனக்குத் தலையில ஏதாவது கோளாறா? ஆறு யூவே இருந்தா லிசான்ஸ் பட்டம் கையில. மிச்சம் மூணும் எதுக்கு, ஊறுகாய் போடவா?"

"பல் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கிறன் அக்கா. அதுக்கு ஒரு..." என்று நிறுத்தினேன். ரயில் ஒன்றும் வரவில்லை. சொல்தான் வரவில்லை.

"பந்தாவுக்கு" என்று அவரே முடித்து, முத்திரையைக் குத்தினார். "டிசம்பர்ல, நோயலுக்கு முன்னாடி பாடத்த வெட்டணும்னா வெட்டலாம். அப்புறம் முடியாது. ஞாபகம் வெச்சுக்க." அடுத்த ஆளைப் பிரெஞ்சில் கூப்பிட்டார். முகம் மறுபடி மார்த்தினிக்காகிவிட்டது.

இரண்டு மாதம் ஒன்பதையும் சுமந்தேன். சுமந்தேன் என்பதுதான் சரியான சொல். புத்தகங்களை ஒரு பையிலும், மண் மாதிரிகளை இன்னொரு பையிலும் கொண்டு திரிந்தேன். கடலியல் வகுப்பில் நித்திரையும், மண்ணியல் வகுப்பில் பசியும் வந்தன. ஆனாலும் மனதுக்குள் தெம்பாக இருந்தது. வீட்டுக்கு எழுதினேன்: 'ஒன்பது பாடம் எடுத்திருக்கிறேன்.' அப்பா பதில் போட்டார்: 'பத்தாவது இல்லையா?'

நேர்முகத்துக்கு முதல் நாள் அறையில் ஒத்திகை. அண்ணை கட்டிலில் ஏறி உட்கார்ந்தார். நடுவர் உயரத்தில் இருக்க வேண்டுமாம். மச்சான் கதவைத் திறந்து என்னை உள்ளே விட்டான்.

"வேலை செய்யிறனியோ எண்டு கேப்பாங்கள்" என்றார் அண்ணை. "இல்லையெண்டு சொல்லு."

"ஏனண்ணை? எல்லாரும்தானே செய்யிறம்."

"படிக்கிற பிள்ளை வேலைக்குப் போனா வீட்டிலை வசதியில்லை எண்டு நினைப்பாங்கள். கையாலை ஒரு வேலையும் செய்யாமல் வளந்த பிள்ளையெண்டு தெரியோணும். அதுதான் குடும்பம்."

"ஓமண்ணை" என்றேன். இதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை. மச்சானுக்கும் தெரியவில்லை. மூன்று யாழ்ப்பாணத்தவர் ஓர் அறையில் கூடி ஏகமனதாக எடுத்த ஒரே முடிவு அதுதான் என்று நினைக்கிறேன்.

கோட்டுக்குள் புகுந்து போனேன். ஆறடி மனிதரின் கைகள் என்னுடையவற்றைவிட ஒரு சாண் நீளம். விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன.

மேசைக்கு அப்பால் மூன்று பேர். நடுவில் ஒரு பெண் பேராசிரியர், நரைத்த குட்டை முடி. அவருக்கு வலப்பக்கம் வண்ணத்துப்பூச்சி மாதிரி முடிச்சிட்ட, புள்ளிபோட்ட வில் கழுத்துப்பட்டி கட்டிய முதியவர். மூன்றாமவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டேயிருந்தார்.

ஏன் பல் மருத்துவம் என்று கேட்டார்கள். அதற்கு மனப்பாடம் செய்த விடை இருந்தது. மேம்பால ரயிலுக்கு நிறுத்தும் இடத்தில் நிறுத்தி அழகாகச் சொன்னேன். அம்மையார் தலையசைத்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்போது வில் பட்டிக்காரர் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார்: "கையால் செய்யும் பழக்கம் ஏதாவது உண்டா? பியானோ, தச்சு வேலை, சின்னக் கப்பல் கட்டுவது, பின்னல்?"

நான் நிமிர்ந்தேன். "ஒருபோதும் இல்லை ஐயா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கேள்வி நான் படித்துக்கொண்டு போன பகுதியிலிருந்து வந்திருந்தது. வந்த கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுதாமல் விடுகிற பழக்கம் எனக்கில்லை.

"எங்கள் வீட்டில் படிக்கிற பிள்ளையைக் கையால் எதுவும் செய்ய விடமாட்டார்கள். பத்தொன்பது வயதுவரை நான் ஒரு தேங்காய் உடைத்ததில்லை. ஓர் ஆணி அடித்ததில்லை. என் பென்சிலைத் தீட்டித் தந்தது என் தங்கை."

"பென்சிலைக்கூட?" என்றார் அவர்.

"பென்சிலைக்கூட" என்றேன், மிகுந்த பெருமையோடு.

எழுதிக்கொண்டிருந்தவர் எழுதுவதை நிறுத்தினார். அந்த அறையில் அதுவரை அவருடைய பேனாச் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. அம்மையார் என்னைப் பார்த்த பார்வை, மீன் பிடிக்கப் போகிறேன், ஆனால் தண்ணீருக்குப் பக்கத்தில் போகமாட்டேன் என்று சொல்பவனைப் பார்க்கிற பார்வை. மூன்று ஆண்டு உயிரியல் படித்தவனுக்கு அந்தக் கணத்தில்தான் வெளித்தது: பல்லைப் பிடுங்குவது கையால். அடைப்பதும் கையால். நான் கேட்டு வந்த தொழில் முழுவதும் ஒரு சின்ன இருட்டு வாய்க்குள், கையால்.

"உங்கள் கைகளைக் காட்டுங்கள்" என்றார் வில் பட்டிக்காரர்.

கோட்டுக் கையை மேலே இழுத்தேன். டிசம்பர் மாதம். பாரிஸ் முழுவதும் சிப்பி தின்னும் மாதம். இடக் கையில் பெருவிரலடியில் மூன்று வெட்டு. சுட்டுவிரலில் பிளாஸ்டர். உள்ளங்கை முழுக்க உப்பு அரித்த கோடுகள். வலக் கையில் கத்திப்பிடி பதிந்த காய்ப்பு.

"பென்சில் தீட்டாத கைகள்" என்றார் அவர்.

அதற்குப் பிறகு பொய் சொல்ல இடமில்லை. கடலுணவுக் கடையில் சிப்பி திறக்கிறேன் என்றேன். அண்ணை ஏறியிருந்த கட்டில் ஒருமுறை மனக்கண்ணில் வந்து போனது.

அவர் முன்னால் சாய்ந்தார். "எங்கே கத்தியை நுழைப்பீர்கள்? பிணைப்பிலா?"

"இல்லை ஐயா, பக்கவாட்டில். பிணைப்பில் குத்தினால் ஓடு நொறுங்கி உள்ளே விழும். பக்கத்தில் நுழைத்து, மேல் ஓட்டோடு ஒட்டினாற்போல் கத்தியைச் சரித்தால் தசை அறுபடும். ஓடு தானாகக் கழரும். உள்ளே இருக்கிற தண்ணீர் சிந்தக்கூடாது. சிந்தினால் முதலாளி சத்தம் போடுவார்."

"கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எப்படித் தசையைக் கண்டுபிடிப்பீர்கள்?"

"கத்தி நுனியில் தெரியும்" என்றேன். "சொல்லத் தெரியவில்லை. தெரியும்."

மூன்றாமவர் மறுபடி எழுதத் தொடங்கினார். ஒரு ரயில் கடந்து போனது போன்ற நிம்மதி.

ஆனால் அம்மையார் விடவில்லை. என் பதிவுத் தாளைக் கையில் எடுத்தார்.

"ஒன்பது பாடமா?"

"ஆம் மதாம்."

"ஆறு போதுமே."

"ஒன்பதுவரை அனுமதி உண்டு மதாம்."

"உங்களிடம் வரும் ஒருவருக்கு முப்பத்திரண்டு பல் இருக்கும்" என்றார். "அனுமதி உண்டென்று எல்லாவற்றையும் பிடுங்குவீர்களோ?"

நான் கோட்டுக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

பத்து நாளில் கடிதம் வந்தது. மார்ச்சில் இரண்டாம் நேர்முகத்துக்கு வரலாம். கீழே ஒரு வரி: இறுதியில் தேர்வானாலும், இந்த ஆண்டு பதிந்துள்ள எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சி பெற்றால் மட்டுமே இடம் செல்லும். ஒன்றில் தவறினாலும் இல்லை.

எல்லாப் பாடங்களிலும். அவர்களுக்குக் காட்ட எடுத்த மூன்று பாடமும் இப்போது என் கழுத்தில் கயிறாகத் தொங்கின. நோயல், அதாவது கிறிஸ்மஸ் விடுமுறைக்கு நாலு நாள் இருந்தது.

"வெட்டடா" என்றான் மச்சான்.

"எடுத்ததை விடுறதெண்டா தோத்த மாதிரி" என்றார் அண்ணை. ஆனால் முன்னைய வேகம் இல்லை. நேர்முகக் கதையைக் கேட்டபின் அவர் என்னோடு பத்து நாளாக அடக்கமாகத்தான் பேசினார்.

"அண்ணை, நீங்கள் சொன்னபடி சொன்னதாலைதான் அவனைக் கையை நீட்ட வைச்சவங்கள்" என்றான் மச்சான்.

"கையை நீட்டினதாலைதானே திரும்பக் கூப்பிட்டிருக்கிறாங்கள்! நான் சொல்லாட்டி ஆர் இவன்ரை கையைப் பாத்திருப்பான்?"

மச்சான் பாயில் திரும்பிப் படுத்தான்.

பாடத்தை வெட்டும் தாளில் அந்தந்த ஆசிரியரின் கையெழுத்து வேண்டும். முதலில் மண்ணியலுக்குப் போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்கள் என் வகுப்பிலா இருக்கிறீர்கள்?" என்றார். ஒரு வகுப்பும் தவறாமல் போனவன் நான். கையெழுத்து ஒரு நொடியில் கிடைத்தது. கடலியல் ஆசிரியை, "நல்ல முடிவு" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பாசியியல் ஆசிரியர் ஓய்வு பெறும் வயதில் இருந்தார். அவருடைய அறை முழுவதும் தீப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் காய்ந்த பாசி. அவருக்கு மாணவர்கள் என்னோடு சேர்த்து நாலு பேர். நாலுக்குக் குறைந்தால் பாடத்தை மூடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. அவர் தாளை வாங்கினார். பேனா மூடியை மெதுவாகத் திருகிக் கழற்றினார்.

"பாசி பார்க்கத் தந்த அந்த உருப்பெருக்கிக் கைக்கண்ணாடியை மட்டும் திருப்பித் தந்துவிடுங்கள்" என்றார். "வேறு யாருக்காவது கொடுக்கலாம்."

வேறு யார் இருக்கிறார்கள் என்று இரண்டு பேருமே யோசித்திருப்போம். அவர் கையெழுத்து இல்லாமலே நான் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஜன்னலில் பாண்டிச்சேரி அக்கா இரண்டு கையெழுத்தையும் பார்த்தார். "மூணாவது?"

"பாசி இருக்கட்டும் அக்கா."

"பாசியா? வழுக்கி விழறதுக்குன்னே வெச்சிருக்கியா?" என்றவர் முத்திரையைக் குத்தினார். "ஏழு. பாஸ் பண்ணலேன்னா இந்த ஜன்னலுக்கு வராத. எனக்குக் கோபம் வரும்."

மார்ச் நேர்முகத்தன்று கோட்டுக்குப் போட்டி. மச்சானுக்கு அதே காலையில் விசா அலுவலகம். விசா வென்றது, அதில் இரண்டாம் பேச்சில்லை. நான் கம்பளிச் சட்டையோடு போனேன். தோய்த்துத் தோய்த்துச் சுருங்கிய சட்டை. கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றது. மறைக்க இனி ஒன்றுமில்லை என்பதால் ஒரு விதத்தில் தைரியமாகவும் இருந்தது.

அதே மூன்று பேர். வில் பட்டிக்காரர் ஒரு துண்டுக் கம்பியும் சின்னக் குறடும் ஒரு படமும் மேசையில் வைத்தார். படத்தில் உள்ளபடி வளைக்க வேண்டும். வளைக்கும்போதே அம்மையார் கேட்டார்.

"ஒன்பது ஏழாகியிருக்கிறதே?"

"உங்களுக்குக் காட்டுவதற்காக ஒன்பது எடுத்தேன் மதாம். உங்கள் கடிதத்துக்குப் பயந்து இரண்டை விட்டேன்." கண்ணெல்லாம் கம்பியில் இருந்ததால் உண்மை இலேசாக வந்துவிட்டது.

"அப்படியானால் ஆறாக்கியிருக்க வேண்டுமே. பாசியை ஏன் வைத்திருக்கிறீர்கள்?"

"நான் போனால் பாடத்தை மூடிவிடுவார்கள் மதாம். அவருக்கு நாங்கள் நாலு பேர்தான்."

பேனா எழுதும் சத்தம். வில் பட்டிக்காரர் கேட்டார்: "பல் மருத்துவத்தில் அதனால் என்ன பயன்? பாசிக்குப் பல்லா இருக்கிறது?"

"இருக்கிறது ஐயா" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தேன். நகைச்சுவைக்குச் சொல்கிறேன் என்று மூவரும் நினைத்தது முகத்தில் தெரிந்தது.

"பாசியின் வித்துக் கூட்டுக்கு வாய் உண்டு. வாயைச் சுற்றி வட்டமாகப் பல். சிலவற்றுக்குப் பதினாறு, சிலவற்றுக்கு முப்பத்திரண்டு. காற்று காய்ந்தால் விரியும். ஈரமானால் மூடிக்கொள்ளும். வித்து நல்ல நாள் பார்த்து வெளியேறுவதற்கு." குறடை வைத்துவிட்டு, சட்டைப் பையில் கிடந்த தீப்பெட்டியை எடுத்துத் திறந்தேன். கைக்கண்ணாடியையும் கொடுத்தேன்.

நேர்முகத்தின் மிச்ச நேரத்தில் மூன்று பேரும் மாறி மாறி அதற்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வில் பட்டிக்காரர் வாயால் மெல்ல ஊதினார். மூச்சின் ஈரத்தில் பற்கள் மூடின. "ஹோ" என்றார். பிறகு கம்பியை எடுத்துப் படத்தோடு ஒப்பிட்டார். ஒரு வளைவு கூடிவிட்டிருந்தது.

"குறைக்கவா ஐயா?"

"விடுங்கள்" என்றார். "உங்களுக்கு எதுவும் கூடுதலாகத்தான் வரும்போலிருக்கிறது."

ஏப்ரலில் பெயர் வந்தது, நிபந்தனையோடு. ஜூன்வரை ஏழு பாடத்தையும் படித்தேன். ஆறு பாடம் சிக்கலில்லை. பாசியியல் பரீட்சைத் தாள் வேறு கதை. பல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்டிருந்தார். நாலு மாணவர்களுக்காக அந்த மனிதர் எவ்வளவு கடினமான தாள் தயாரித்தார் என்பதை நினைக்க இன்றும் மரியாதையும் கோபமும் ஒன்றாக வருகின்றன. முடிவுகள் ஒட்டிய பலகையில் என் எண்ணுக்கு நேரே மற்றவற்றையெல்லாம் விரலால் மறைத்துக்கொண்டு கடைசி நிரலுக்குப் போனேன். இருபதுக்குப் பத்து. பத்துத்தான் தேர்ச்சி. ஒரு புள்ளிகூட அவர் இரக்கத்துக்குப் போடவில்லை என்பது எனக்குத் தெரியும். குறைக்கவும் இல்லை.

ஓடிப்போய் ஜன்னலில் நின்றேன். பாண்டிச்சேரி அக்கா பட்டியலைப் பார்த்தார். பட்டியலையே பார்த்துக்கொண்டு, "பத்தா?" என்றார். "எனக்கு மூச்சு நின்னுடுச்சு, போ." அன்றைக்குத்தான் அவர் சிரித்து முதன்முதலாகப் பார்த்தேன். கீழ்வரிசையில் ஒரு பல் இல்லை. தொழில்முறையில் நான் கவனித்த முதல் பல் அது.

அறையில் அண்ணை தன் உணவகத்திலிருந்து ஒரு தட்டுச் சிப்பி கொண்டுவந்தார். இரண்டு ஆண்டு திறந்தும் நான் ஒன்றையும் தின்றதில்லை. தின்றேன். கழுத்துவரை போய்த் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. "எப்பிடி?" என்றார் அண்ணை. "திறக்கிறதுதானண்ணை எனக்குச் சரி" என்றேன்.

வீட்டுக்கு நீளமாக எழுதினேன். பல் மருத்துவம் கிடைத்துவிட்டது, ஏழு பாடமும் தேர்ச்சி. ஊர் நிலைமையில் கடிதம் போய் வர ஒன்றரை மாதம் எடுத்தது. அப்பா ஒரு பக்கம் எழுதியிருந்தார். சந்தோஷம், அம்மா கோயிலுக்குப் போனாள், தங்கை உன்னை விசாரித்தாள். கடைசி வரி: 'மிச்சம் இரண்டும் ஏன் விட்டனி? பல் வைத்தியத்தோடு சேர்த்து எடுக்க முடியாதா?'

செப்டம்பரில் பல் மருத்துவப் பீடத்தில் பதிவு செய்யப் போனேன். புது ஜன்னல், புது முகம், பழைய மாதிரியே ஒரு தாள். கட்டாயப் பாடங்கள் அச்சிலேயே இருந்தன. அவற்றின் கீழே 'விருப்பப் பாடங்கள்' என்று மூன்று பெட்டி, வெறுமையாக. ஜன்னலுக்கு அப்பால் இருந்தவர் காத்திருந்தார். எனக்குப் பின்னால் ஒரு வரிசை காத்திருந்தது. நான் அப்பாவை நினைத்தேன். அம்மையாரை நினைத்தேன். பேனாவை மூடினேன்.

பிறகு திறந்தேன்.

ஒன்றுதான் எடுத்தேன். மிச்சம் இரண்டு பெட்டியும் காலியாகவே போயின. என் வாழ்நாளில் நான் வெறுமையாக விட்ட முதல் இரண்டு பெட்டி அவைதான். வீட்டுக்கு அதை எழுதவில்லை.